நாக்கில் இருந்த பச்சைக் கல்

1928-ஆம் வருடம் ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மதுரை தெற்காவணி மூல வீதியில் கல் மதிப்புப் பார்த்து வந்த சொக்கநாதனின் நாக்கில் ஒரு பச்சைக் கல் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருடம் கழித்துத்தான் விட்டது. அந்த வாரம் பவுன் பதிமூன்றரை ரூபாய்க்குப் போனது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மல்லிகை மலிவாகக் கிடைத்தது.

சொக்கநாதனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கல்யாணமான இரண்டாம் வருடமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. ஒரு நகைக்கடையின் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் தனியாக இருந்தார். சைவர், மூன்று வேளையும் சாப்பாடு மேலக்கோபுர வீதி காபி கிளப்பில். காலை பத்து மணிக்கு வடக்கு வெளிச்சம் சரியாக விழும்போது கடைக்காரர்கள் கல்லைக் கொண்டுவருவார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வார். மாணிக்கம் என்றால் மாணிக்கம், கண்ணாடி என்றால் கண்ணாடி. மழை வருமா, சௌக்கியமா என்றெல்லாம் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தவர்கள் சுவரிடம் பேசிய மாதிரித் திரும்பிப் போனார்கள். முப்பது வருடத்தில் சொன்ன சொல்லை அவர் ஒரு தடவைகூடத் திரும்பப் பெற்றதில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. கர்வப்பட அவருக்கு வேறு எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சோணையம்மாள் என்ற பெண் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஆறு மைல் நடந்து வந்தாள். முந்தானை முடிச்சில் புளியங்கொட்டை அளவில் ஒரு பச்சைக் கல் இருந்தது. அவள் புருஷன் முத்திருளன் கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. கொதிகலன் அறைச் சூட்டில் தொண்டை வறளாமல் இருக்க, கரி தள்ளுகிறவர்கள் நாக்கடியில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்வார்களாம். மடகாஸ்கர் துறைமுகத்தில் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து முத்திருளன் வாங்கிய கூழாங்கல் இது. ஒரு வருடம் வாயில் போட்டுக்கொண்டிருந்த பிறகு, இது விலையுள்ள பச்சைக் கல் என்று கப்பலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய ஒருவன் கையில் கல்லையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தனுப்பிவிட்டான். மதுரையில் விவரம் தெரிந்தவரிடம் காட்டு. நிஜக் கல் என்றால் வித்து ஒரு காணி வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம், கொழும்பு விலாசத்துக்கு எழுது, வந்துவிடுகிறேன். இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடக் கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று கடிதம் சொன்னது. சொக்கநாதன் சொல்லப்போகும் ஒற்றைச் சொல்லில் ஒரு மனுஷன் வீடு வந்து சேர்வது தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் சொல்லவும் செய்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் கையில் வைத்து எடை பார்த்தார். மரகதத்துக்கு இந்த அளவில் இருக்கவேண்டிய கனம் இல்லை. கண்ணாடியைவிடக்கூட லேசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தார். மரகதத்துக்குள் பாசி படர்ந்த மாதிரிக் கீற்று ஓடும். இதற்குள் ஒன்றும் ஓடவில்லை. வெண்ணெய் போல ஒரே சீராக இருந்தது, மேலே மெழுகு தடவியது போன்ற மினுக்கம். ஸ்படிகத்தால் ஓரத்தில் கீறினார், கோடு விழுந்தது. மரகதத்தை ஸ்படிகம் கீறாது. கடைசியாக அந்த வீதியில் எல்லோரும் செய்வதைச் செய்தார்: வெள்ளிக் கிண்ணத்தில் பசும்பாலை ஊற்றிக் கல்லைப் போட்டார். நல்ல மரகதம் என்றால் பால் பச்சையாகத் தெரியும். இங்கே பால் பச்சையாகவில்லை. குறைந்தது. அரை விரற்கடை கீழே இறங்கியது. எடுத்துப் பார்த்தால் கல் பச்சையை விட்டுவிட்டு, கண்ணில் பூ விழுந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"கண்ணாடி" என்றார் சொக்கநாதன்.

சோணையம்மாள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "ஏங்கய்யா, கண்ணாடி பாலைக் குடிக்குமா?"

சின்னப் பிள்ளைகூடக் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் ரத்தினம் ஒன்பது, அதில் பச்சை ஒன்றே ஒன்று, அது அல்லாத பச்சையெல்லாம் கண்ணாடி என்று தாத்தா காலத்திலிருந்து முடிவுகட்டி வைத்திருந்த வீதி அது. அந்தக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை. சொக்கநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முப்பது வருசமா எனக்கு இதுதாம்மா தொழில்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்லை எடுத்துக்கொள்ளும்படி அவர் கையைக் காட்டினார். "கண்ணாடியத் தூக்கிக்கிட்டு ஆறு மைலு நடக்க முடியாதுங்கய்யா, நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

சாயங்காலத்துக்குள் கல் குடித்த பாலை எப்படியோ கழித்துவிட்டு மறுபடி பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை, நாற்றங்காலில் பத்தாம் நாள் பார்க்கிற பச்சை. சொக்கநாதன் கல்லை எடுத்தார். கழுவித் துடைத்து, அப்பா செய்வதைப் பார்த்திருந்தும் தான் தொழிலில் என்றைக்கும் செய்திராத ஒரு சோதனையைச் செய்தார்: கல்லை நாக்கில் வைத்தார். கண்ணாடி என்றால் வழுக்கும். இது நாக்கின் ஈரத்தை ஒரே இழுப்பாக உறிஞ்சிக்கொண்டு கப்பென்று பிடித்துக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. எண்ணெய் விட்டார், வெந்நீரில் கொப்பளித்தார். மறுநாள் ஆஸ்பத்திரி டாக்டர் இடுக்கியால் இழுத்தபோது நாக்கும் கூடவே வந்தது. அதற்கு மேல் இழுத்தால் இரண்டும் என் கையில் வந்துவிடும் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து சொக்கநாதன் வாயிலிருந்து 'ஆ', 'ஊ' தவிர வேறு சத்தம் வரவில்லை. வீதி இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. மூன்றாம் நாள் அவருக்கு ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. முன்பும் அவர் அதிகம் பேசியவர் இல்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள்.

சொன்னது தப்பு என்று ஒட்டிக்கொண்ட நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முப்பது வருடக் கர்வம் அவரை இன்னும் மூன்று நாள் அறைக்குள்ளேயே உட்கார்த்தி வைத்தது. இந்தக் கதையில் மன்னிக்க முடியாத விஷயம் அந்த மூன்று நாள்தான். ஒரு மனுஷன் தெரியாமல் தப்புச் சொல்லலாம். தெரிந்த பிறகு என்னத்துக்கு உட்கார்ந்திருக்கவேண்டும்? சனிக்கிழமை வண்டி பிடித்து நாகமலை புதுக்கோட்டைக்குப் போய் அவர் சிலேட்டை நீட்டியபோது, சோணையம்மாளுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஊரில் கடை வைத்து எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கும் மலைச்சாமி வந்து வாசித்தான்: 'கண்ணாடி இல்லை. கல்தான்.'

"நேத்துத்தான எழுதிப் போட்டோம், கண்ணாடின்னு" என்றான் மலைச்சாமி.

உடனே அங்கேயே இன்னொரு கடிதம் எழுதினார்கள். முதல் கடிதம் கொழும்பில் கப்பலைப் பிடித்துவிட்டது. இரண்டாவது பிடிக்கவில்லை, துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி, உடம்பெல்லாம் முத்திரை குத்திக்கொண்டு, எட்டு மாதம் கழித்து நாகமலைக்கே திரும்பி வந்தது. முத்திருளன் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். கண்ணாடியை அனுப்பிப் பெண்டாட்டியை மதுரை வரை நடக்கவிட்டோமே என்ற வெட்கத்தில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. கப்பல் மாறினான்; எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சோணையம்மாள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். "கல்லுன்னா பச்சைக் கல்லா? எம்புட்டுப் போகும்?" மரகதம் இல்லை என்று எழுதினார். விலை தெரியாது என்று எழுதினார். பேர் என்ன என்று கேட்டதற்கும் தெரியாது என்றே எழுத வேண்டியிருந்தது. ஒரே நாளில் இத்தனை தெரியாதுகளை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. திரும்பி வந்து மதராஸில் ஒரு கல் வியாபாரிக்கு எல்லா லட்சணங்களையும் விவரமாக எழுதினார். பதில் வந்தது. இதற்கு ஓபல் என்று பேர், பச்சை ஓபல். பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான், மீதி கல். லேசு, மென்மை, நாக்கில் ஒட்டும், எதைக் கொடுத்தாலும் குடிக்கும். காய்ந்தால் விரிசல் விடும். நவரத்தினத்தில் சேராததால் இந்தப் பக்கம் யாரும் வாங்க மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் மோதிரத்தில் வைப்பார்கள். நல்ல பச்சையாக இருந்தால் முந்நூறு ரூபாய் தருகிறேன், ஆனால் நாக்கோடு வாங்க முடியாது. இதைப் போய்ப் பாலில் போட்டவர் யாரோ, அவரைக் கல்லைத் தொடவிடாதீர்கள்.

சொக்கநாதன் அந்தக் கடிதத்தையும் கொண்டுபோய் அப்படியே கொடுத்தார். கடைசி வரியையும் மறைக்கவில்லை. பிறகு சிலேட்டில், நாக்கை அறுத்து எடுத்துத் தரச் சம்மதம் என்று எழுதினார். மலைச்சாமி அதை வாசித்ததும் சோணையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க நாக்க அறுத்து நான் காணி வாங்கணுமாக்கும். போயிட்டு வாங்கய்யா."

கல் ஒட்டிய இரண்டாவது மாதம், கிளப்பில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு வாய் முழுக்க வேறு ருசி வந்தது. கவிச்சி. பிறந்ததிலிருந்து சைவமாக இருந்தவருக்கு அது என்னவென்றுகூடப் புரியவில்லை. கிளப்காரர் ஏதோ மோசம் செய்கிறார் என்று நினைத்து வேறு கிளப்புக்கு மாறினார். அங்கேயும் அதே ருசி. மூன்றாவது கிளப்பில் கரித்தூளும் துருப்பிடித்த தண்ணீரும் ருசித்தன. அதற்குப் பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஒரு வருடம் முத்திருளன் நாக்கடியில் கிடந்த கல் இது. அவன் உமிழ்நீரைக் குடித்து வளர்ந்தது. எந்தச் சமுத்திரத்தில் அவன் என்ன தின்றாலும் அது இங்கே வந்துகொண்டிருந்தது. தான் தின்பதன் ருசி சொக்கநாதனுக்கு அதன்பின் ஒருநாளும் தெரியவில்லை. வாயில் போடுவது ரசம், தெரிவது கருவாடு.

அமாவாசைதோறும் நாகமலைக்குப் போய் அந்த மாதத்து ருசியை எழுதிக் காட்டுவது வழக்கமாயிற்று. 'இந்த மாதம் மழைத்தண்ணீர் குடித்தார்.' 'நான்கு நாள் காய்ச்சல், கஷாயம்.' 'தீபாவளியன்று சீனி. வெறும் சீனி.' சோணையம்மாள் களைவெட்டு, நாற்று நடவு என்று எந்த வேலையில் இருந்தாலும் அமாவாசையன்று கரையேறி வந்துவிடுவாள். ஆரம்பத்தில் மலைச்சாமி வாசித்தான். அவன் கடையில் இல்லாத நாட்களில் அவளே எழுத்துக் கூட்டிப் பார்த்து, நான்காம் வருடம் யார் தயவும் இல்லாமல் படிக்கத் தொடங்கிவிட்டாள். உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சிலேட்டு. சொக்கநாதனுக்கும் மாதம் ஒருநாள் ஒருத்தர் தன்னை எதிர்பார்த்துக் கரையேறி வருகிறார் என்பது மட்டுமே மிச்சம். மற்ற இருபத்தொன்பது நாளும் அவர் ஒரு குடம் தண்ணீரும் மூடிய வாயுமாக, கல் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தார். அது தனிமை என்று அவருக்கே தெரிய வந்தது, முந்தானை முடிச்சோடு ஒருத்தி படியேறி வந்து கேள்வி கேட்ட பிறகுதான்.

ஐந்து வருடம் முடிந்தது. முத்திருளன் வரவில்லை, கருவாடு தொடர்ந்தது. 1937-இல், சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், ருசி திடீரென்று மாறியது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, இஞ்சி, சுடச்சுட மீன். அடுத்த நாளும் அதே வேளைக்கு அதே பக்குவம். கப்பலில் இப்படிச் சமைக்க மாட்டார்கள். இது வீட்டுச் சமையல். ஏதோ ஒரு கரையில் யாரோ அவனுக்கு வட்டில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சொக்கநாதன் அந்த அமாவாசைக்குப் போய் 'கருவாடு' என்று எழுதினார். அடுத்த அமாவாசைக்கும் எழுதினார். ஒரு வருடம் அப்படியே எழுதினார். சோணையம்மாள் அதைப் படித்துவிட்டு, கப்பல்லயே கெடந்து சாகுறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நடவுக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிற வழியில் அவருக்கு அந்த வெள்ளிக் கிண்ணம்தான் ஞாபகம் வந்தது. முதலில் கர்வத்தால் ஒரு பொய். இப்போது இரக்கத்தால் ஒரு பொய். அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்று 1938 ஆடி அமாவாசையன்று முடிவு செய்தார். சிலேட்டில் எழுதினார்: 'ஒரு வருடமாகத் தேங்காய்ப்பால் சோறு. யாரோ சமைத்துப் போடுகிறார்கள். நான் பொய் எழுதினேன்.'

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். இனி வரக் கூடாதோ என்று ஒரு மாதம் முழுக்க யோசித்தார். அடுத்த அமாவாசைக்குக் கால் தானாகப் போய்விட்டது. சோணையம்மாள் அடுப்படியில் இருந்தாள். கேப்பைக் களி கிண்டி வைத்திருந்தாள். கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அவர் தின்னுறது உங்களுக்கு வருதுல்ல. அப்ப நீங்க தின்னுறது அவருக்குப் போகாதா?" என்று கேட்டாள். பத்து வருடத்தில் இப்படி ஒரு யோசனை கல் மதிப்பிடுகிறவருக்கு வரவில்லை. பிறகு அவளுக்கே தயக்கமாகிவிட்டது. "நீங்க சைவமாச்சேய்யா. கருவாடு தின்பீங்களா?"

'பத்து வருடமாகத் தின்கிறேன்' என்று எழுதிவிட்டு சொக்கநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். அவருக்குத் தெரிந்தது தேங்காய்ப்பால்தான். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை. புரட்டாசியிலும் ஒன்றுமில்லை, ஐப்பசியிலும் இல்லை. கார்த்திகை அமாவாசையன்று மூன்றாவது கவளத்தில் தேங்காய்ப்பால் நின்றது. வாயில் உப்பு வந்தது. பத்து வருடமாகக் கடலுப்பைத் தெரிந்த நாக்கு அது. இது கடலுப்பு இல்லை. சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவர் சாப்பாட்டுக் கையோடு இடது கையால் பல்பத்தை எடுத்து எழுதினார்: 'அழுகிறார்.' சோணையம்மாள் இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள்.

தை மாதம் தேங்காய்ப்பால் அடியோடு நின்று, கரித்தூளும் துருத்தண்ணீரும் திரும்பி வந்தன. மறுபடி கப்பல். பங்குனியில் கொழும்புத் தேயிலை. 1939 ஆவணி பிறந்த மூன்றாம் நாள் மத்தியானம், சொக்கநாதன் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது கல் நாக்கை விட்டு டம்ளருக்குள் க்ளக் என்று விழுந்தது. அதே நேரத்தில் நாகமலை புதுக்கோட்டையில் முத்திருளன் வீட்டு வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான் என்று பிறகு கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

மறுநாள் காலை சொக்கநாதன் பஸ்ஸில் நாகமலைக்குப் போனார். முத்திருளன் வற்றிப்போய், கரி ஏறிய கைகளோடு உட்கார்ந்திருந்தான். பதினோரு வருடம் பேசாத வாயிலிருந்து சொக்கநாதன் முதல் சொல்லைக் கஷ்டப்பட்டு வெளியே கொண்டுவந்தார். "கண்ணாடி இல்ல, தம்பி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

முத்திருளன் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "நீங்கதானாய்யா அந்த ரசம்? பதினோரு வருசமா எம்புட்டு ரசம்ய்யா குடிப்பீங்க! கறிய வாயில வச்சாலும் மொளகு ரசம், சாராயத்தக் குடிச்சாலும் மொளகு ரசம். பாய்லர் சூட்டுல புத்தி கெட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். சோணையம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான். தேங்காய்ப்பாலைப் பற்றி மூன்று பேரும் பேசவில்லை.

"சரிங்கய்யா, எம்புட்டுத்தான் போகும் அது?" என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் கேட்டதையே அவள் திரும்பக் கேட்டாள். "முந்நூறு" என்றார். வெற்றிலைப்பை போல் மடித்து இடுப்பில் செருகியிருந்த துணியைப் பிரித்து, சேர்த்து வைத்திருந்த முந்நூறு ரூபாயை அவள் முன்னால் வைத்தார். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் கல்லுக்கு மதிப்புச் சொன்னவர், விலை கொடுத்து வாங்கியது இந்த ஒன்றைத்தான். "கண்ணாடிக்கா இம்புட்டு?" என்றாள் சோணையம்மாள். அவர் சிரிக்கப் பார்த்தார், பழக்கம் விட்டுப்போயிருந்தது. மேலத்தெருப் பக்கம் ஒரு காணி அந்த வருடமே வாங்கினார்கள். இனி அமாவாசைக்கு வர வேண்டிய காரியம் எதுவும் இல்லை என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொக்கநாதனுக்கு உறைத்தது.

கிளப்பில் உட்கார்ந்து ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட்டார். தெரியவில்லை. சொந்த நாக்கு ருசியை மறந்துவிட்டிருந்தது. சூடு மட்டும் தெரிந்தது, ரசம் வெந்நீராக இறங்கியது. பாதியில் எழுந்து அறைக்கு வந்தார். விளக்கு வைக்கிற நேரம். இனிமேல் பேசலாம் என்ற நிலையில், பேச யாரும் இல்லாத அறையில், அவர் கொஞ்ச நேரம் நின்றார். டம்ளர்த் தண்ணீரில் கல் பச்சையாகக் கிடந்தது. எடுத்துத் துடைத்து நாக்கில் வைத்தார். அது மெல்லப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை, எடுத்தால் வரும் என்று தெரிகிற பிடி. ஆறு மைலுக்கு மேற்கே முத்திருளன் சாப்பிட உட்கார்ந்திருக்கவேண்டும். முதலில் களி வந்தது. பிறகு புளியும் கத்திரிக்காயும் கருவாடுமாகக் குழம்பு வந்தது. ஒரு வருடமாக அவர் தன் கையால் அள்ளித் தின்றும் ஒருநாளும் தெரியாத ருசி. மிளகாய் ஒரு கை தூக்கல் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மிளகாய் மேலேயே பழியைப் போட்டார்.

அன்றிலிருந்து மேலக்கோபுர வீதி கிளப்பில் சொக்கநாதன் வெறும் சோறு மட்டும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனார். முத்திருளனுக்கும் ஏதாவது போய்ச் சேரட்டும் என்று காலையில் மட்டும் நல்ல காபியாக ஒன்று குடித்தார். யுத்தம் வந்து அரிசிக்கு வரிசையில் நின்ற வருடங்களிலும் இது மாறவில்லை. குழம்பு வேண்டாமா என்று கிளப்காரர் ஒருநாள் கேட்டார்.

"குழம்பு வீட்ல இருக்கு" என்றார் சொக்கநாதன்.

கிளப்காரர் சோற்றைக் கட்டிக் கொடுத்தார்.